கடல் வானிலை முன்னறிவிப்பாளர் வேலைக்குப் போகலாமா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

அலைநீளம்:

வணக்கம். இயற்பியல் முதுகலை கடைசிப் பருவம். வளிமண்டல இயக்கவியலை ஒரு பாடமாக எடுத்ததிலிருந்து மனம் வானிலைப் பக்கமே போகிறது, அதிலும் கடல் வானிலை. வேலை அறிவிப்புகளைப் பார்த்தால் "கடல்சார் முன்னறிவிப்பாளர், சுழற்சி முறைப் பணி, நெருக்கடியில் முடிவெடுக்கும் திறன் தேவை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து உண்மையில் என்ன செய்கிறீர்கள்? கப்பலில் வேலை பார்த்த அனுபவம் வேண்டுமா? அப்புறம் எல்லோரும் கேட்பதுதான்: செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்த பிறகு இந்த வேலை நிலைக்குமா?

நள்ளிரவு ஷிப்ட்:

அரசு வானிலை மையம் ஒன்றில் கடல் பிரிவில் இருக்கிறேன். என் மேசை வேலையைச் சொல்கிறேன். தனியார் கதை வேறு, அதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

வந்தவுடன் முதல் வேலை, முந்தைய ஷிப்ட்காரரிடம் பொறுப்பு வாங்குவது. இது சடங்கு இல்லை. எந்த எச்சரிக்கை நடப்பில் இருக்கிறது, எதை விலக்கலாமா என்று யோசித்து விட்டுவைத்திருக்கிறார், கடலில் மிதக்கும் அளவுக் கருவியான மிதவைகளில் எது தப்பான அளவு காட்டுகிறது, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கைமாற வேண்டும். அடுத்து பகுப்பாய்வு. கப்பல்களிலிருந்து வரும் கவனிப்புகள் (உலகப் பொது நேரமான யுடிசி 00, 06, 12, 18 மணிகளில் அதிகம் வரும்), மிதவைகள், செயற்கைக்கோளின் காற்றளவி, உயரமானி எல்லாவற்றையும் பார்த்து இப்போது கடலில் என்ன நடக்கிறது என்று ஒரு வரைபடம் போடுவோம். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தைத் தாண்டி நேராகக் கணினி மாதிரிக்கு ஓடுவார்கள். இப்போது என்ன இருக்கிறது என்பதிலேயே மாதிரி பிசகியிருந்தால், நாளைக்கு அது சொல்வதை எப்படி நம்புவது?

அப்புறம்தான் மாதிரிகளை ஒப்பிடுவது. காற்றுக்கு ஒன்றிரண்டு உலக மாதிரிகள், அலைக்கு வேவ்வாட்ச் போன்றவை. கடைசியில் அறிக்கை எழுதுவது. மொத்த நேரத்தில் எழுதுவது கொஞ்சம்தான், ஆனால் மனிதனைப் பிழிந்தெடுப்பது அதுதான். காரணம் இடம் கிடையாது. பிரிட்டனின் வானொலிக் கப்பல் அறிக்கை 31 கடல் பகுதிகளுக்கும் சேர்த்து சுமார் 350 சொற்களுக்குள் முடிய வேண்டும். அதனால்தான் அங்கே நேரத்துக்கே தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: 6 மணி நேரத்துக்குள் வரும் கடுங்காற்றுக்கு ஒன்று, 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வருவதற்கு ஒன்று, அதற்கும் பிறகு என்றால் இன்னொன்று. அழகுக்காக ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் கப்பலுக்கு ஆறு மணி நேரம் மாறிவிடும்.

இன்னொன்று, இது நாடுகள் விரும்பினால் செய்கிற சேவை கிடையாது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயப்படி அரசுகள் ஏற்றுக்கொண்ட கடமை. உலகப் பெருங்கடல்கள் 21 'மெட்ஏரியா' பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு பொறுப்பு. செயற்கைக்கோள் வழியாகவும், கரையை ஒட்டி 518 கிலோஹெர்ட்ஸ் நாவ்டெக்ஸ் (கப்பல்களுக்கு உரைச் செய்தி அனுப்பும் வானொலி முறை) வழியாகவும் அறிக்கை போகும். யாருமே படிக்கவில்லை என்று தோன்றும் இரவிலும் நேரத்துக்கு அது போயாக வேண்டும்.

கேப்டன் (ஓய்வு):

தம்பி, கப்பல் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். அறிக்கையில் "அலை 4 மீட்டர்" என்று இருக்கும். சரி, 4 மீட்டர். எந்தத் திசையிலிருந்து? எத்தனை விநாடி இடைவெளி? நேர் முன்னால் வரும் 4 மீட்டர் வேறு, பின்பக்கவாட்டில் வரும் 4 மீட்டர் வேறு. நீரோட்டத்துக்கு எதிராக அலை எழும்பினால் அது இன்னும் வேறு. தென்னாப்பிரிக்கா ஓரம் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் தென்மேற்குக் காற்று பிடித்தால் அதே 4 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் ஒருமுறையாவது கப்பல் ஆடும்போது நின்று பார்த்தவன் எழுதுவதற்கும் குளிர்பதன அறையில் இருந்து எழுதுவதற்கும் வித்தியாசம் தெரியும். என் ஓட்டு: கடல் அனுபவம் வேண்டும்.

நள்ளிரவு ஷிப்ட்:

கேப்டன் சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன "4 மீட்டர்" பற்றி அலைநீளத்துக்கு ஒரு விஷயம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

அறிக்கையில் வரும் எண் உச்ச அலை இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. சில மணி நேரம் அதே கடலில் இருந்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு தனி அலை வரலாம், அது இயல்பு. காற்றும் அப்படித்தான். நாம் எழுதுவது சராசரி வேகம், வீச்சு, அதாவது திடீரென்று எழும் காற்றின் வேகம், அதற்கு மேலே போகும்.

1998 சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் போட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். போட்டி தொடங்கிய சிறிது நேரத்தில் வானிலை மையம் எச்சரிக்கையைப் புயல் நிலைக்கு உயர்த்தியது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது, பங்கேற்றவர்களில் பலர் சராசரிக் காற்றையே உச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது. அதற்குப் பிறகு ஆஸ்திரேலியக் கடல் எச்சரிக்கைகளில், வீச்சு சொன்னதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருக்கலாம், அலை இரண்டு மடங்கு வரை போகலாம் என்று சேர்த்தே எழுதுகிறார்கள். வானிலையைச் சரியாகக் கணித்தும் சேதி போய்ச் சேராமல் போகலாம். என்னைக் கேட்டால் நம் தொழிலில் பயப்பட வேண்டிய தோல்வி இதுதான். கணிப்பு தவறுவது இரண்டாம் இடம்.

சும்மா படிப்பவன்:

கேள்வி கேட்டவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே? நல்ல பிள்ளை.

வழித்தடம்:

நான் தனியார் பக்கம். கப்பல் வழித்தட ஆலோசனை. வேலை இரண்டு வகை. ஒன்று, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் பாதை போட்டுக் கொடுத்து, வழியெல்லாம் கூடவே இருந்து திருத்துவது. புயல் இருந்தால் விலகிப் போகச் சொல்வோம். அதற்கு மாலுமிகளிடம் 1-2-3 என்று ஒரு பழைய விதி உண்டு: 34 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று வீசும் ஆரத்தோடு, 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 100 கடல் மைல், 48-க்கு 200, 72-க்கு 300 கூட்டிக்கொண்டு அந்த வட்டத்துக்குள் போகாதே. மேலோட்டமாகப் பார்த்தால் மொட்டையான விதி. ஆனால் பாதைக் கணிப்பில் வரும் பிழையையும் கணக்கில் சேர்ப்பதால் இன்றும் அதை வைத்தே பேசுகிறோம்.

இரண்டாவது வகையைப் பற்றி யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள். பயணம் முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது. கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் "நல்ல வானிலையில் இத்தனை நாட் வேகம், இத்தனை டன் எரிபொருள்" என்று உரிமையாளர் உறுதி கொடுத்திருப்பார். நல்ல வானிலை என்றால் பெரும்பாலும், காற்றின் வலிமையைச் சொல்லும் போபோர்ட் அளவுகோலில் 4-க்கு மேல் போகாத காற்று. கப்பல் மெதுவாக வந்தால் வாடகைக்காரர் பணம் பிடிப்பார். எந்த நாள் நல்ல வானிலை நாள், எது இல்லை என்று முடிவு செய்யும் அறிக்கையை எழுதுவது நாங்கள். கப்பல் பதிவேட்டில் மாஸ்டர் (கப்பலின் கேப்டன்) 5 என்று எழுதியிருப்பார், எங்கள் தரவு 4 காட்டும். அதன் நடுவில் பெரிய தொகை நிற்கும். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரும் அந்த இருவரில் ஒருவர்! இந்த உறுத்தலோடு வேலை பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு முடியவில்லை, அரசுப் பக்கம் போய்விட்டார்கள்.

கேப்டன் (ஓய்வு):

போபோர்ட் 5 வீசியதால்தான் மாஸ்டர் 5 என்று எழுதியிருப்பார்.

வழித்தடம்:

எல்லா நாளும் 5 வீசாது சார். :)

சும்மா படிப்பவன்:

இதெல்லாம் மென்பொருள் செய்துவிடாதா? இரண்டு துறைமுகத்தைக் கொடுத்தால் பாதை போட்டுத் தரப்போகிறது. நடுவில் மனிதர் எதற்கு?

வழித்தடம்:

பாதை மென்பொருள்தான் போடுகிறது, மறுக்கவில்லை. ஒரே கால அளவில் எட்டக்கூடிய புள்ளிகளை இணைத்துப் பாதை தேடும் முறையை ரிச்சர்ட் ஜேம்ஸ் 1957-லேயே எழுதிவிட்டார், கையால் வரைந்து. இன்று கணினி அதை நொடியில் போட்டுவிடும்.

ஆனால் அந்தக் கணினிக்கு என்ன வரம்பு கொடுத்தோம் என்பதில் இருக்கிறது விஷயம். 2020 நவம்பர் கடைசியில் வட பசிபிக்கில் 'ஒன் ஏபஸ்' கப்பலிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட கொள்கலன்கள் கடலில் விழுந்தன. பெரிய கொள்கலன் கப்பல்களின் வடிவத்தில் ஒரு சிக்கல் உண்டு. முன்னும் பின்னும் அகன்று, நடுவில் நேராக இருப்பதால், அலையின் நீளம் கப்பலின் நீளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போய், அலை வந்து மோதும் கால இடைவெளி கப்பலின் இயல்பான உருளல் காலத்தில் பாதியாக அமைந்துவிட்டால், உருளல் சில சுற்றுகளில் பயங்கரமாக வளர்ந்துவிடும். அலை உயரம் மட்டும் பார்த்துப் பாதை போட்டால் இது பிடிபடாது. அந்தக் கப்பலின் நீளம், அன்றைய சரக்கேற்றத்தில் அதன் நிலைப்பு, எல்லாம் தெரிந்த ஒருவர் "இந்த ஸ்வெல்லில் (தொலைவிலிருந்து வரும் நீண்ட அலையில்) இந்த வேகத்தில் இந்தத் திசையில் போகாதே" என்று சொல்ல வேண்டும்.

அதையும் சொல்லத்தான் முடியும். இறுதி முடிவு மாஸ்டருடையது. சோலாஸில் அதற்கென்றே விதி இருக்கிறது, உரிமையாளரோ வாடகைக்காரரோ வேறு யாரோ அதில் தலையிடக் கூடாது.

கேப்டன் (ஓய்வு):

இந்த ஒரு பத்திக்கு நன்றி, வழித்தடம்.

முடிவு மாஸ்டருடையது என்பதாலேயே அவர் கையில் இருக்கும் தாள் எத்தனை மணிக்குத் தயாரானது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 2015 அக்டோபர் 1, எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். வாக்கீன் சூறாவளிக்குள் போய் 33 பேரோடு மூழ்கியது. அமெரிக்க விசாரணை அறிக்கையைப் படித்துப் பாருங்கள். மாஸ்டர் நம்பியிருந்த மின்னஞ்சல் தொகுப்பில் சூறாவளியின் இடம் பல மணி நேரம் பழையது. அதைவிடப் புதிய தகவல் வேறு வழியில் கப்பலுக்கு வந்துகொண்டிருந்தது, கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் இருந்த அதிகாரிகள் பார்த்தார்கள், மாஸ்டரிடம் சொன்னார்கள். அவர் பாதையை மாற்றவில்லை. திரையில் வண்ண வண்ணமாக வரும் படத்துக்கு முன்னால், பெரிய எழுத்துகளாக ஓடும் வெறும் உரைச் செய்தி எடுபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பளு தூக்கி:

தாமதமாக வருகிறேன். கடலில் காற்றாலை நிறுவும் திட்டங்களுக்கு வானிலை பார்ப்பவன், சில சமயம் கப்பலிலேயே இருந்து. அலைநீளம், உங்களுக்கு முடிவு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள்.

எங்கள் உலகத்தில் எல்லாம் 'சாளரம்'தான். ஒரு தூணை இறக்க எத்தனை மணி நேரம் ஆகும், அத்தனை மணி நேரம் அலை ஒரு வரம்புக்குள் இருக்குமா? வரம்பு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு 1.9 என்றால் வேலையைத் தொடங்கலாமா? கூடாது. முன்னறிவிப்பின் நிச்சயமின்மைக்காக வரம்பை ஒரு காரணியால் பெருக்கிக் குறைப்பார்கள், 'ஆல்ஃபா' என்போம். காரணி 0.75 என்றால் முன்னறிவிப்பு 1.5 மீட்டருக்கு மேல் போனாலே தொடங்கக் கூடாது. சுவையான பகுதி இனிமேல்தான்: தளத்திலேயே முன்னறிவிப்பாளர் இருந்து, அலைமிதவையின் நேரடி அளவும் கையில் இருந்தால் அந்தக் காரணியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள கடல்சார் தரச்சான்று நிறுவனமான டிஎன்வியின் விதிகள் அனுமதிக்கின்றன. 1.5 என்பது 1.6 ஆனாலும் மாதத்தில் எத்தனை சாளரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று திட்ட மேலாளருக்குத் தெரியும். எங்களைக் கப்பலில் ஏற்றிப் படுக்கை கொடுத்துச் சோறு போடுவதன் ரகசியம் அதுதான். இதைப்போல ஒரு முன்னறிவிப்பாளரின் மதிப்பு எண்ணாகவே எழுதப்பட்ட இடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேப்டன் ஐயா சொன்ன கால இடைவெளி இங்கே உயிர். காற்றே இல்லாத நாள், கடல் கண்ணாடி மாதிரி, அலை 0.8 மீட்டர், ஆனால் இடைவெளி 15 விநாடி. கிரேனில் தொங்கும் நூற்றுக்கணக்கான டன் எடை மெதுவாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஸ்வெல் எங்கிருந்தோ கிளம்பியது. ஆழ்கடலில் அதன் ஆற்றல் நகரும் வேகம், நாட் கணக்கில், இடைவெளியைப்போல சுமார் ஒன்றரை மடங்கு. 16 விநாடி அலை என்றால் 24 நாட், ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1963-ல் கடலியலாளர் வால்டர் மங்க் குழுவினர் அண்டார்டிகாவை ஒட்டிய புயல்களின் அலைகளை அலாஸ்கா வரை நிலையம் நிலையமாகத் தொடர்ந்து காட்டினார்கள். ஆகவே நம் பகுதி வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு "காற்று இல்லை, போகலாம்" என்று சொல்பவர் இந்த வேலையில் நீடிக்க மாட்டார். நீண்ட அலைகள் முதலில் வந்து சேரும். மிதவையில் உயரம் கூடாமல் இடைவெளி மட்டும் திடீரென்று நீண்டால், பின்னால் பெரிது வருகிறது என்று பொருள்.

அலைநீளம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. என் மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

நள்ளிரவு ஷிப்ட்:

செயற்கை நுண்ணறிவா? சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய வானிலை மையம் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஏஐஎஃப்எஸ்ஸை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. புயல் போகும் பாதையைச் சொல்வதில் இந்த வகை மாதிரிகள் பழைய மாதிரிகளுக்கு இணையாக, சில சமயம் மேலாகவே வருகின்றன. ஆனால் சராசரிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டவை உச்சங்களை மழுக்கிவிடும். சூறாவளியின் தீவிரத்தைக் குறைத்துக் காட்டுவது தெரிந்த குறை. கடலில் நமக்கு வேண்டியதே அந்த உச்சம்தான். இதுவும் காலப்போக்கில் சரியாகலாம், அதனால் இதை நம்பி வேலைக்கு வராதீர்கள்.

நான் நம்புவது வேறொன்றை. பழைய கதை ஒன்று உண்டு. 1859-ல் ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து சுமார் 450 பேர் இறந்த பிறகு, பிரிட்டன் வானிலைத் துறையின் தலைவராக இருந்த ஃபிட்ஸ்ராய் தந்தி வழிப் புயல் எச்சரிக்கையை 1861-ல் தொடங்கினார். அவர் 1865-ல் இறந்ததும் அறிவியலாளர் குழு ஒன்று ஆராய்ந்து, இதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றது, எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கடலோடிகளும் துறைமுகங்களும் திரும்பக் கேட்டதால் ஓராண்டுக்குள் மறுபடி தொடங்கினார்கள். குறையுள்ள எச்சரிக்கையையும் அவர்கள் கேட்டு வாங்கினார்கள். யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும் என்ற தேவை அன்று போலவே இன்றும் இருக்கிறது. எத்தனை பேர் தேவை என்றால், குறையும். சாதாரண நாளில் உரையை எழுதும் வேலை ஏற்கெனவே பாதி தானியங்கி. மோசமான இரவுகளுக்குத்தான் ஆள் வைப்பார்கள்.

வழித்தடம்:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தனியார் பக்கத்தில் இந்தக் குறைப்பு ஏற்கெனவே நடக்கிறது. ஒருவர் கவனிக்கும் கப்பல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கப்பலையும் அறிந்திருக்க வேண்டும் என்று மேலே நானே எழுதினேன், நடைமுறையில் அதற்கு நேரம் சுருங்குகிறது. இதை மறைத்து உங்களை இழுக்க விரும்பவில்லை.

அலைநீளம்:

புரிகிறது. படிப்பு போதுமா? கடல் அனுபவம் பற்றி இங்கே இன்னும் முடிவாகவில்லையே.

நள்ளிரவு ஷிப்ட்:

உலக வானிலை அமைப்பு வானிலையாளருக்கான அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை வரையறுத்திருக்கிறது. பட்டம், அதில் இயக்கவியல், இயற்பியல், சினாப்டிக் வானிலையியல் (பெரும்பரப்பு வானிலை வரைபடங்களை ஆராய்வது) எல்லாம் அடங்கும். கடல் முன்னறிவிப்பாளருக்குத் தனியாகத் தகுதி வரையறையும் உண்டு. உங்கள் முதுகலையோடு வானிலைப் பயிற்சி சேர்ந்தால் நுழைவுக்குப் போதும், பெரும்பாலான அரசு சேவைகள் தாங்களே பயிற்சி கொடுத்துத்தான் மேசையில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். அலை இயற்பியலைச் சொந்தமாகப் படியுங்கள், பல்கலைக்கழகத்தில் அது தொட்டுக்கொள்ளத்தான் கிடைக்கும்.

இரவுப் பணியைப் பற்றி விளம்பரம் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெடுவது பழகாது. பழகிவிட்டது என்று சொல்பவர்கள் பகல் பணிக்குப் போனவர்கள்.

பளு தூக்கி:

கடல் அனுபவம் நுழைவதற்கு வேண்டாம். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்குள் வாய்ப்புக் கேட்டு வாங்கி ஒரு பயணம் போய்வாருங்கள், ஆராய்ச்சிக் கப்பலாக இருந்தாலும் சரி. பிரிட்ஜில் நின்று உங்கள் மையம் அனுப்பிய அறிக்கையை நீங்களே வாசித்துப் பாருங்கள். கேப்டன் ஐயாவுக்கும் இது சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேப்டன் (ஓய்வு):

குளிர்காலத்தில் போகட்டும். அப்போது சம்மதம்.

வழித்தடம்:

நேர்முகத் தேர்வுக்கு ஒரு குறிப்பு. வெவ்வேறு வடிவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "அதிகாலை 3 மணி. ஒரு மாதிரி 32 நாட் காட்டுகிறது, இன்னொன்று 38. அறிக்கை அரை மணியில் போக வேண்டும். என்ன எழுதுவீர்கள்?" கடுங்காற்று எச்சரிக்கையின் வாசல் 34 நாட், அதைத் தெரிந்துதான் கேட்கிறார்கள். சராசரி எடுத்து 35 என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

அலைநீளம்:

அந்தப் பகுதியில் இப்போது என்ன கவனிப்பு இருக்கிறது, இரண்டு மாதிரிகளில் எது அதோடு ஒத்துப்போகிறது என்று முதலில் பார்ப்பேன். எதுவும் இல்லையென்றால் எச்சரிக்கை போட்டுவிட்டு, ஏன் போட்டேன் என்பதை அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைப்பேன். சரியா?

நள்ளிரவு ஷிப்ட்:

அங்கே எந்தக் கப்பல்கள் இருக்கின்றன என்று கேட்க மறந்துவிட்டீர்கள். மற்றபடி சரி. விண்ணப்பியுங்கள்.